சுவருக்குள் ஒரு சேலைக்கடை

பூலாங்கோட்டையின் தெற்கு பஜார் சுருங்கத் தொடங்கியது செருப்புக்கடை மூடப்பட்ட வாரத்தில்தான் என்று சிலரும், இல்லை, அதற்கு முன்பே கைக்கடிகாரக் கடைக்காரர் தம் பெயர்ப்பலகையைக் கழற்றி மகன் வீட்டுக்கு எடுத்துப் போன மறுநாளே தொடங்கிவிட்டது என்று சிலரும் இன்றுவரை வாதாடிக்கொண்டிருக்கிறார்கள்; ஆனால் அது எப்படிச் சுருங்கியது என்பதில் ஊரில் யாருக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. ஒரு கடைக்காரர் இனித் திறப்பதில்லை என்று முடிவுசெய்து கடைசியாக ஷட்டரை இறக்கினால், கடை இருந்த இடமும் அதனோடு போய்விடும். மறுநாள் காலை பால் வாங்க வருகிறவர்கள் பார்க்கும்போது இடப்பக்கத்துக் கடையின் சுவரும் வலப்பக்கத்துக் கடையின் சுவரும் ஒன்றையொன்று ஒட்டி நிற்கும். நடுவில் ஒரு தபால் அட்டையைக்கூடச் செருக முடியாது. இடிந்த செங்கல் கிடக்காது, தூசி பறந்திருக்காது, மின்கம்பிகள் அறுந்திருக்காது. தெரு ஒரு கடையின் அகலத்துக்குக் குட்டையாகியிருக்கும், அவ்வளவுதான்.

முதலில் மகிழ்ந்தவர்கள் முழங்கால் வலிக்காரர்கள். பேருந்து நிலையத்திலிருந்து அம்மன் கோவிலுக்கு வழியில் பலமுறை நின்று மூச்சு வாங்கிப் போனவர்கள், போகப்போக நிற்காமலே போய்ச் சேர்ந்தார்கள். ஆட்டோக்காரர்கள் மட்டும் கட்டணத்தைக் குறைக்க மறுத்தார்கள். “தெரு குட்டையானதுக்கு நாங்க என்னய்யா செய்ய? கடையை மூடினவுகள்ட்டப் போய்க் கேளும்” என்றார்கள். தேரோட்டத்தன்று மேளக்காரர்களுக்குச் சூடு பிடிப்பதற்குள் தேர் நிலைக்கு வந்துவிட்டதால், இனிமேல் இன்னும் மெதுவாக இழுப்பது என்று கோவில் கமிட்டி முடிவுசெய்தது. அளக்க வந்த நில அளவையர் சங்கிலியை விரித்தார், சுருட்டினார், ஒரு டீ குடித்தார், போய்விட்டார்.

காரணத்தை யாரும் தேடவில்லை. காரணம் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் பழுப்பு நிற அட்டைப்பெட்டியாக வந்து இறங்கிக்கொண்டிருந்தது. அதற்காக யாரும் வெட்கப்படவும் இல்லை. வெட்கப்பட வேண்டிய காரியமாகவும் அது இருக்கவில்லை. பக்கவாதத்தில் படுத்துவிட்ட தபால்காரர் மனைவி, கணவனும் மருமகளும் பார்த்துக் கொண்டுவந்து போட்டதையே உடுத்திவந்தவள், நல்லபடியாக அசைந்த ஒரு விரலால் கைபேசியைத் தடவித் தன் வாழ்நாளில் முதன்முறையாகத் தன் சேலையைத் தானே தேர்ந்தெடுத்தாள். கடைகளின் இடம்தான் போயிற்றே தவிர, ஓசை முழுவதுமாகப் போகவில்லை என்பது மட்டும் சிலருக்குச் சங்கடமாக இருந்தது. செருப்புக்கடைக்கு அடுத்திருந்த பாத்திரக்கடைக்காரர் மத்தியான வேளையில் கண்ணயரும்போது, சுவர்கள் ஒட்டிய கோட்டிலிருந்து அட்டைப்பெட்டி மூடியைத் திறக்கும் சத்தமும், “கொஞ்சம் நடந்து பாருங்க, கடிக்குதா?” என்ற செருப்புக்கடைக்காரரின் கேள்வியும் வரும். செருப்புக்கடைக்காரரோ திருப்பூரில் மகள் வீட்டில் நலமாக இருந்தார். கேட்டுக் கேட்டுப் பழகிய பாத்திரக்கடைக்காரர், தூக்கத்திலேயே “கடிக்கல” என்று பதில் சொல்லத் தொடங்கினார்.

இந்தத் தெருவின் நடுவில்தான் உலகம்மாள் மேட்சிங் சென்டர் இருந்தது. சேலைக்கு ஏற்ற நிறத்தில் ஜாக்கெட் துணி வெட்டிக் கொடுக்கும் கடை. தரையிலிருந்து உத்தரம்வரை துணிச்சுருள்கள். அரக்கு, மாம்பழ மஞ்சள், மயில்கழுத்து, வெங்காயத்தோல், காப்பிப்பொடி என்று ஒவ்வொரு நிறத்துக்குள்ளும் உள்நிறங்களும் அவற்றுக்குள் மேலும் நுணுக்கமான நிறங்களுமாக அடுக்கியிருந்த அந்த அறைக்குள் நுழைகிறவர்கள் முதலில் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். உலகம்மாளுக்கு ஐம்பது கடந்திருந்தது. எந்தத் துணியையும் குழல்விளக்கின் வெளிச்சத்தில் அவள் ஒப்பிட மாட்டாள். சேலையையும் துணியையும் எடுத்துக்கொண்டு படியிறங்கித் தெருவுக்கு வந்து, வெயிலில் ஒன்றின் மேல் ஒன்றை வைத்து, இரண்டுக்கும் நடுவிலுள்ள கோடு மறைகிறதா என்று பார்ப்பாள். மறைந்தால்தான் கத்தரிக்கோலை எடுப்பாள்.

பக்கத்துக் கடை அவளுடைய கணவர் சங்கரலிங்கத்தின் ஜவுளி ஸ்டோர். இரண்டு கடைகளுக்கும் பொதுவான சுவரில், தெருப்பக்கத்தை ஒட்டி, கிளிக்கூண்டின் கதவளவுக்கு ஒரு சன்னல் வைத்திருந்தார்கள். அவர் கடையில் ஒரு பெண் சேலையைத் தேர்ந்தெடுத்ததும், அதன் முந்தானையை அந்தச் சன்னல் வழியாக இந்தப் பக்கம் தள்ளி, “உலகு, இதுக்குப் பாரு” என்பார். அவர்களுடைய தாம்பத்தியத்தின் பெரும்பகுதி அந்தச் சன்னல் வழியாகவே நடந்தது. காப்பியும், கோபமும், மகளுக்குக் காய்ச்சல் என்ற செய்தியும், சமாதானமும் அதன் வழியாகவே போய்வந்தன. ஜாக்கெட் துணி அமையும்வரை அவர் சேலையை மடிக்க மாட்டார். சேலையை மடிக்காமல் சாப்பிட எழுந்திருக்க மாட்டார். “அமையாத சேலையை மடிச்சு அடுக்குல வச்சா அது உள்ள கெடந்து முனங்கும்” என்பார். அதனால் மத்தியானச் சோறு பல நாள் ஆறிப்போகும். அமைந்துவிட்டது என்று உலகம்மாள் சொன்னதும், சேலையை உதறி மடித்து வைத்துவிட்டு, வேட்டியை இறுக்கிக்கொண்டு எழுந்து, திரும்பிப் பாராமல் வீட்டுக்கு நடப்பார்.

அவருடைய கடை ஒரேநாளில் விழவில்லை. பெண்கள் வருவதை நிறுத்தவும் இல்லை. வந்தார்கள், பார்த்தார்கள், விரிக்கச் சொன்னார்கள், பிடித்ததைக் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டார்கள், “பாத்துட்டு வாறோம் அண்ணாச்சி” என்று சிரித்த முகத்தோடு இறங்கினார்கள். அந்தச் சேலைகளே பிறகு வேறு எங்கிருந்தோ பெட்டியில் வந்து அவர்களுடைய வீடுகளில் இறங்கின. விற்பனையாளர்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். கடைசியாகப் போன சுடலைமுத்து, நாற்பது வயதுக்கு மேல் பைக் ஓட்டக் கற்றுக்கொண்டு, பார்சல் கம்பெனியில் சேர்ந்து, தான் விரித்துக் காட்டிய சேலைகளைத் தானே வீடுவீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தார். “மொதலாளி, முன்னாடி அவுக நம்மளத் தேடி வந்தாவ, இப்ப நான் அவுகளத் தேடிப் போறேன். துணி அதேதான்” என்று சங்கரலிங்கத்திடம் சொன்னபோது அதில் கேலியும் இல்லை, வருத்தமும் இல்லை.

இருந்த சரக்கையெல்லாம் மதுரை வியாபாரி ஒருவர் வண்டியில் ஏற்றிப்போன அன்று, வெறுமையான கடையில் சங்கரலிங்கம் மட்டும் இருந்தார். உச்சிவெயில் நேரம். சன்னலில் ஒரு முந்தானை வந்து விழுந்தது. “உலகு, இதுக்குப் பாரு” என்றார். எல்லாம் போன பிறகு இது எங்கிருந்து வந்தது, யாருக்காக என்று கேட்க வாயெடுத்தவள், அந்த நிறத்தைப் பார்த்துக் கேள்வியை மறந்தாள். மழை வரப்போகும் மலைக்கும் வாடத் தொடங்கிய கத்தரிப்பூவுக்கும் நடுவில் எங்கோ இருந்தது அது; பார்க்கும்போது பெயர் நாக்கின் நுனிக்கு வந்தது, கண்ணை எடுத்ததும் போய்விட்டது. அவள் ஏணியில் ஏறிச் சுருள்களை இறக்கிக்கொண்டிருந்தபோது, அடுத்த கடையின் ஷட்டர் இறங்கும் சத்தம் கேட்டது. மத்தியானத்தில் வெயிலுக்காக உள்ளேயிருந்தபடி ஷட்டரை இறக்கிக்கொள்வது அவருடைய பழைய வழக்கம். அன்று கடையில் சரக்கும் இல்லை, மறுநாள் திறக்கும் எண்ணமும் இல்லை என்பதை அவர் அந்த ஒரு கணம் மறந்துபோனார்.

உலகம்மாள் ஏணியிலிருந்து இறங்கியபோது சன்னல் இல்லை. அது இருந்த இடத்தில் சுவர் மயிரளவுக் கோடாக மூடியிருந்தது. அந்தக் கோட்டிலிருந்து ஒரு முழ முந்தானை மட்டும் இந்தப் பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது. அவள் தெருவுக்கு ஓடினாள். அவளுடைய கடைக்கு அடுத்த கடையாகப் பாத்திரக்கடை நின்றது. பாத்திரக்கடைக்காரர் ஒரு குத்துவிளக்கைத் துடைத்தபடி அவளைப் பார்த்தார். “பக்கத்துல வந்துட்டோம்மா” என்றார், ஆறுதல் சொல்வது போல.

ஊர் கூடியது. சுவரை இடிக்கலாம் என்று சிலர் கடப்பாரையோடு வந்தார்கள். ஆனால் பாத்திரக்கடைப் பக்கம் ஓட்டை போட்டால் மேட்சிங் சென்டர் தெரிந்தது, மேட்சிங் சென்டர் பக்கம் ஓட்டை போட்டால் பாத்திரக்கடை தெரிந்தது. நடுவில் சங்கரலிங்கம் இருப்பதற்கான இடமே இல்லை. ஓட்டைகளைப் பூசிவிட்டுக் கடப்பாரைக்காரர்கள் போனார்கள். மறுநாள் உச்சிப்பொழுதில் வெயில் வாசற்படி ஏறி உள்ளே வந்து சுவரின் கோட்டைத் தொட்ட நேரத்தில், தொங்கிக்கொண்டிருந்த முந்தானை இலேசாக அசைந்தது. “அமைஞ்சிருச்சா உலகு?” என்றது அவருடைய குரல்.

“இன்னும் இல்லங்க” என்றாள் உலகம்மாள்.

“சரி, நிதானமாப் பாரு. நான் இருக்கேன்.”

அதன்பிறகு ஊர் தன் வேலையைச் செய்தது. எதையும் ஏற்றுக்கொள்வதற்கு ஊருக்கு இருக்கும் பழைய திறமையோடு செய்தது. துக்கம் விசாரிக்க வந்த உறவினர்களைச் சுவருக்குள்ளிருந்து, “வாங்க, வெயில்ல வந்திருக்கிய, மோர் சாப்பிடுங்க” என்று அவரே வரவேற்றதால், வீட்டுக்குப் போய்க் குளிப்பதா வேண்டாமா என்று அவர்களுக்குள் தகராறு வந்தது. பேசுகிறவருக்குக் காரியம் செய்ய முடியாது என்று ஐயர் சொல்லிவிட்டார். உலகம்மாளின் நெற்றியில் குங்குமம் அப்படியே இருந்தது; கல்யாண வீடுகளில் அவளை முன்வரிசையில் நிறுத்துவதா பின்வரிசையிலா என்று தெரியாமல், பந்தியைக் கவனிக்கச் சொல்லி அனுப்பினார்கள். சுடலைமுத்து பார்சல் பையோடு தெருவைக் கடக்கும்போதெல்லாம் படியருகே பைக்கை நிறுத்தி, “மொதலாளி, சோலி நடக்குதா?” என்று சுவரைப் பார்த்து ஒரு குரல் கொடுத்துவிட்டுப் போவார்.

அந்த முந்தானையின் நிறம் ஊரெங்கும் பேச்சானது. பெண்கள் தங்களிடமுள்ள துணிகளையெல்லாம் கொண்டுவந்து வைத்துப் பார்த்தார்கள். கிட்டே வந்தது, கோடு மறையவில்லை. வந்தவர்கள் வெறுங்கையோடு போகாமல் லைனிங் துணியோ நூலோ வாங்கிப் போனார்கள். பெட்டியில் வந்த சேலைகளையும் அவளுடைய படிக்கட்டில் வைத்தே பிரிக்கத் தொடங்கினார்கள். வெயிலில் பிரித்து, படத்தில் கண்டதும் கையில் வந்ததும் ஒன்றுதானா என்று அவளைக் கேட்டு, ஒன்றென்றால் வீட்டுக்கும், இல்லையென்றால் திரும்பிப் போகச் சுடலைமுத்துவின் பார்சல் பைக்குமாக அவை பிரிந்துபோயின. தெருவிலேயே மூடப்படாமலும் இளைக்காமலும் இருந்தது அந்த ஒரு கடைதான்.

சென்னையில் வேலை பார்க்கும் மகள் கல்யாணி வந்து பார்த்தாள். உச்சிவெயிலில் சுவரருகே நின்று “அப்பா” என்றாள். “என்னம்மா, பள்ளிக்கூடம் விட்டாச்சா? அம்மாகிட்டக் காப்பி வாங்கிக் குடி” என்றது சுவர். கல்யாணி தெருவுக்குப் போய் நின்று, முகத்தைக் கழுவிக்கொண்டு திரும்பி வந்தாள். குரலைக் கைபேசியில் பதிவுசெய்ய முயன்றாள். பிறகு போட்டுக் கேட்டபோது, “இன்னும் இல்லங்க” என்று தாய் யாருமற்ற இடத்துக்குப் பதில் சொல்லும் குரல் மட்டுமே அதில் இருந்தது. முந்தானையைப் படம் எடுத்து, அதே நிறத்தில் உலகில் எங்கே துணி இருக்கிறது என்று தேடினாள். கைபேசி ஒருமுறை பச்சைத் துணிகளைக் காட்டியது, மறுமுறை சாம்பல் நிறத் துணிகளை, அடுத்தமுறை திரைச்சீலைகளை.

“கண்டுபிடிச்சிரலாம்மா. இதுக்குன்னே ஆளுங்க இருக்காங்க. கண்டுபிடிச்சுட்டா அப்பா சேலையை மடிச்சுட்டு எழும்பிருவாங்கல்ல?”

“ஆமா. எழும்பிருவாக.”

“அப்புறம் நீ கடையைப் பூட்டிட்டு என்கூட வந்திரு.”

உலகம்மாள் முந்தானையை நீவிவிட்டாள். அவர் எழுந்தால் திரும்பிப் பாராமல் நடப்பவர் என்பது மகளுக்குத் தெரியாது. பள்ளிக்கூடத்திலிருந்து அவள் வருவதற்குள் அதெல்லாம் முடிந்திருக்கும். முன்பெல்லாம் அவர் நடந்து போய்ச் சேர ஒரு வீடு இருந்தது. சுவருக்குள்ளிருந்து எழுந்து அவர் எந்த வீட்டுக்கு நடப்பார் என்பதை நினைத்துப் பார்க்க உலகம்மாள் விரும்பவில்லை. ஊரே அந்தத் துணியைத் தேடிக்கொண்டிருந்தது. அவள் ஒருத்திதான் அது கிடைக்கக் கூடாது என்று ஒவ்வொரு நாளும் அம்மனை வேண்டிக்கொண்டு கடையைத் திறந்தாள். கொண்டுவந்த துணி ஒவ்வொன்றையும் நேர்மையாக வைத்துப் பார்த்தாள், நேர்மையாகவே இல்லையென்றாள், அதன்பிறகு மூச்சுவிட்டாள். தொழிலில் பொய் சொல்லும் அவசியம் அவளுக்கு அதுவரை வரவில்லை.

சாரல் நின்று வெயில் தெளிந்திருந்த ஒரு மத்தியானத்தில் மாடத்தி வந்தாள். மேலத் தெருவுக்கும் அப்பால் பீடி சுற்றும் வீடுகளில் ஒன்று அவளுடையது. புகையிலைத் தூள் படிந்த விரல்கள். பிரித்த அட்டைப்பெட்டி ஒன்று இடுப்பில். படிக்குக் கீழேயே நின்றாள்.

“மேல ஏறி வா மாடத்தி.”

“இங்கனயே நிக்கேன் மதினி. ஒரு துணி கொண்டாந்தேன். சொவத்துக்குள்ள இருந்து ஒரு முந்தி தொங்குதாம்ல. எல்லாரும் வச்சுப் பாக்காவளாம். நானும் பாத்துட்டுப் போறேனே.”

பெட்டிக்குள்ளிருந்து அவள் எடுத்துக் கொடுத்த ஜாக்கெட் துணியை வாங்கியபோதே உலகம்மாளின் கை கனத்தது. நிறத்தின் பெயர் நாக்கின் நுனிக்கு வந்து, வராமல் போனது. துணியோடு உள்ளே போனாள். வெயில் அப்போதுதான் படியேறிச் சுவரை நெருங்கியிருந்தது. முந்தானையின் மேல் துணியை வைத்தாள். இரண்டுக்கும் நடுவிலிருந்த கோடு மறைந்தது. எது துணி, எது சேலை என்று விரலுக்குத் தெரிந்தது, கண்ணுக்குத் தெரியவில்லை.

அவள் துணியை வெடுக்கென்று எடுத்து மடித்தாள். படிக்கு வந்து, மாடத்தியின் முகத்தைப் பாராமல் நீட்டினாள்.

“இல்ல. சேரல.”

மாடத்தி துணியை வாங்கிக்கொண்டாள். உள்ளே எட்டிப் பார்த்தாள். அவள் நின்ற இடத்திலிருந்தே முந்தானை தெரிந்தது.

“இல்லையா? சரி மதினி. இந்தக் கடையில எனக்கு இல்லேங்கது புதுசா என்ன” என்றாள். சண்டைக்கு வந்த குரல் அல்ல அது. மழை வரும்போலிருக்கிறது என்று சொல்கிற குரல்.

“என்ன சொல்லுத?”

“மூத்தவ சமைஞ்சப்போ அண்ணாச்சி கடைக்கு வந்தேன். வெத்தல பாக்கு வாங்க வந்தவ மாதிரி தூணுப் பக்கத்துல நின்னேன். மெத்தையில உக்காந்திருந்தவுகளுக்கு எல்லாம் மேலடுக்கு. என் மூஞ்சியப் பாத்ததும் அண்ணாச்சி கை தன்னால கீழடுக்குக்குப் போவுது. நான் மேல கெடந்த ஒண்ணக் கைகாட்டினேன். இதே நெறம். ‘அது வித்துப்போச்சு’ன்னாவ. துட்டு மடியில இருக்கு மதினி, சுத்தின பீடிக்குக் கிடைச்ச துட்டு. கேக்கவே இல்ல அவுக. ‘வித்துப்போச்சு, கீழ பாரு’.”

உலகம்மாள் அந்தக் குரலைச் சன்னல் வழியாக எத்தனையோ முறை கேட்டிருக்கிறாள். விற்காத சேலை விற்றுப்போனதாக அடுத்த கடையில் சொல்லப்படும்போது, தன் கையிலிருந்த சுருளை இன்னும் கொஞ்சம் கவனமாகச் சுற்றுவாள், அவ்வளவுதான்.

“அன்னையோட கடை ஏறல” என்றாள் மாடத்தி. “எல்லாம் போன்லதான். அதுலயும் ஏமாத்துவான், இல்லேங்கல. நீலம் கேட்டா கருப்பு வரும். ஆனா அது மூஞ்சியப் பாத்து அடுக்கத் தொறக்காது. சரக்கு இருந்தா இருக்குங்கும், இல்லாட்டா படம் மங்கிப்போவும். எனக்கு மங்கினா ஜில்லா கலெக்டர் பொண்டாட்டிக்கும் மங்கும். போன மாசம் இந்தத் துணியப் பாத்தேன். அதே நெறம். சேலைதான் இல்ல, ஜாக்கெட்டாவது கெடக்கட்டும்னு வாங்கிட்டேன். எதுக்கும்மா, எந்தச் சேலைக்குப் போடப் போறன்னு எம்மவ சிரிக்கா.” துணியைப் பெட்டிக்குள் வைத்தாள். “சேரலன்னா சேரல. வாறேன் மதினி.”

அவள் திரும்பினாள். அதே நேரம் வெயில் சுவரின் கோட்டைத் தொட்டது, முந்தானை அசைந்தது.

“அமைஞ்சிருச்சா உலகு?”

தெருவில் ஓர் ஆட்டோ போனது. பாத்திரக்கடையில் யாரோ செம்பைச் சுண்டிப் பார்த்தார்கள். உலகம்மாள் வாசலில் நின்றாள். இன்னும் இல்லங்க என்ற சொல் பழக்கத்தால் தொண்டைக்கு வந்துவிட்டிருந்தது. அதைச் சொன்னால் அவர் நாளையும் கேட்பார், நாளை மறுநாளும் கேட்பார், அவள் சாகும்வரை ஒவ்வொரு மத்தியானமும் நான் இருக்கேன் என்பார். சற்று முன்பு தன் வாயிலிருந்து வந்த ‘இல்ல’ என்ற சொல் யாருடைய குரலில் ஒலித்தது என்பதை அவள் நினைத்துப் பார்த்தாள். அது தன்னுடைய குரலாக இல்லை.

“மாடத்தி, நில்லு” என்றாள். பிறகு சுவரைப் பார்த்து, “அமைஞ்சிருச்சுங்க” என்றாள்.

சுவருக்குள் நாற்காலியோ எதுவோ நகர்ந்தது.

“அமைஞ்சிருச்சா. நல்லாப் பாத்தியா? வெயில்ல வச்சுப் பாத்தியா?”

“வெயில்லதாங்க. கோடு தெரியல.”

“யாருக்கு?”

“மாடத்திக்கு. பீடி சுத்துத மாடத்திக்கு.”

முந்தானை அசையாமல் தொங்கியது. வெளியே மாடத்தி இடுப்புப் பெட்டியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். அவர் இனிப் பேசமாட்டார் என்று உலகம்மாள் எண்ணத் தொடங்கிய பிறகே குரல் வந்தது.

“நிக்காளா?”

“நிக்கா.”

“நின்னுக்கிட்டு எப்படிச் சேல பாக்க? உக்காரச் சொல்லு.”

மனம் திருந்திச் சொன்னாரா, அல்லது அந்த இருளுக்குள் முகம் எதுவும் தெரியாததால் எல்லோருக்கும் சொல்வதை இவளுக்கும் சொன்னாரா என்பதை உலகம்மாளால் பிரித்தறிய முடியவில்லை. மாடத்திக்கு அது தேவைப்பட்டதாகவும் தெரியவில்லை. அவள் செருப்பைக் கழற்றினாள். படியேறி உள்ளே வந்தாள். கடையில் இருந்த ஒரே பெஞ்சில், முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தாள்.

முந்தானை நீளத் தொடங்கியது. யாரும் இழுக்கவில்லை, மறுபக்கத்தில் ஒரு கை பதமாக விட்டுக்கொடுப்பதுபோல், ஒரு சாண், ஒரு முழம், ஒரு கஜம் என்று சேலை அந்த மயிரளவுக் கோட்டிலிருந்து கசங்காமல் வழிந்தது. உலகம்மாள் தரையில் படாமல் அதைக் கைகளில் ஏந்தி ஏந்தி மாடத்தியின் மடியில் சேர்த்தாள். சேலை வர வர, இருவருடைய முகங்களிலும் அந்த நிறம் ஏறியது. பாத்திரக்கடைக்காரர் வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தார், என்ன நடக்கிறது என்று புரிந்துகொண்டார், தலைத்துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு அங்கேயே நின்றார். உள்முனை வந்தது. நூல் பிரியாமல் ஓரம் தைத்திருந்த அந்த முனை கோட்டிலிருந்து விடுபட்டு, கடைசியாக ஒருமுறை சுவரைத் தடவி, உலகம்மாளின் மணிக்கட்டில் விழுந்தது. அதில் மனிதக் கையின் சூடு இருந்தது.

சுவரில் இப்போது கோடு இல்லை. பழைய சுண்ணாம்பு மட்டும் இருந்தது.

மாடத்தி ஜாக்கெட் துணியைச் சேலையின் மேல் வைத்தாள். பார்த்தாள். பெருவிரலால் கரையை நெருடினாள். பிறகு, இத்தனை காலமும் தயாராக வைத்திருந்த கேள்வியை, எந்தக் கடையிலும் எந்தப் பெண்ணும் கேட்கும் தொனியில் கேட்டாள்.

“அண்ணாச்சி என்ன வெல சொல்லுதாவ? கேளுங்க மதினி. சும்மா எடுத்துட்டுப் போக மாட்டேன்.”

உலகம்மாள் சுவரருகே போனாள். “ஏங்க” என்றாள். “என்ன வெலைன்னு கேக்கா.”

வெயில் சுவரிலிருந்து இறங்கித் தரைக்கு வந்தது. அவள் உள்ளங்கையைச் சுண்ணாம்பில் வைத்துக் காதைச் சாய்த்தாள். பாத்திரக்கடையின் பேச்சு கேட்டது, தெரு கேட்டது. அவர் விலைகளை ஒருபோதும் எழுதி ஒட்டியவர் அல்ல. எந்தச் சேலைக்கு என்ன விலை என்பது அவருடைய வாயில்தான் இருந்தது. அந்தச் சேலைக்கு ஒரு தோராயமான விலையை உலகம்மாளால் சொல்லிவிட முடியும். ஆனால் அதைத் தான் சொன்னால், இங்கே வேறு யாரும் இல்லை என்பதையும் தானே சொன்னதாகிவிடும்.

“ஏங்க” என்றாள் மறுபடியும், இன்னும் மெதுவாக. “வெல கேக்காங்க.”

மாடத்தி மூன்றாம் முறை கேட்கச் சொல்லவில்லை. மடியில் கிடந்த சேலையின் மடிப்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக நீவிவிட்டாள். கொஞ்சம் நகர்ந்து, பெஞ்சில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விட்டாள்.

“இருங்க மதினி” என்றாள். “சொல்லட்டும். எனக்கு அவசரமில்ல.”